தொழுநோய்: உலகிற்கு வழிகாட்டிய வல்லுநர்கள்

ஒவ்வோர் ஆண்டும் சனவரி மாதத்தின் கடைசி ஞாயிறு, உலகத் தொழுநோய் நாளாகச் சிறப்பிக்கப்படுகிறது. பிரான்ஸ் நாட்டு எழுத்தாளர் இரவுல் ஃபோல்லெரோ 1954ம் ஆண்டில் தொடங்கிவைத்த நாள் இது. இந்தியாவில் காந்தியடிகள் உயிர்நீத்த சனவரி 30ம் நாளில் இது கடைப்பிடிக்கப்படுகிறது. அந்நாளையொட்டி நம் பங்குகளில் மன்றாட்டு சொல்கிறோம், மொலோக்காய்த் தீவின் புனித தமியானை நினைவுகூருகிறோம். ஆனால் பெரும்பாலும் தமியானோடு நம் கதை முடிந்துவிடுகிறது. அவருக்குப் பின் இந்நோய்க்கு மருந்து எப்படி வந்தது? உலகம் முழுவதும் எவ்வாறு சிகிச்சை தரவேண்டும் என்று வழிகாட்டியவர்கள் யார்? அவர்களது அறிவுரை எங்கே மக்களைக் காத்தது, எங்கே வதைத்தது? இவற்றை அறிந்துகொள்வது நமக்கு நல்லது. தமிழ் மண்ணுக்கு இவ்வரலாற்றில் பெரும் பங்கு உண்டு என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது.

1873ம் ஆண்டு பிப்ரவரி 28ம் நாள். நார்வே நாட்டின் பெர்கன் நகரில் கெர்ஹார்ட் ஆர்மவர் ஹான்சன் என்ற இளம் மருத்துவர், நோயாளர் ஒருவரின் கட்டியிலிருந்து எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்தார். கோல் வடிவில் சின்னஞ்சிறு உருவங்கள் தெரிந்தன. தொழுநோய் பரம்பரையாக வருவது என்றே அன்று ஐரோப்பாவின் பெரிய மருத்துவர்கள் நம்பினர். அவர்களுள் முதன்மையானவர் டானியல்சென், ஹான்சனின் சொந்த மாமனார். மாமனாரின் கொள்கையை மருமகன் மறுத்தார். இது முன்வினைப் பயனும் அல்ல, குலத்தின் சாபமும் அல்ல, ஒரு கிருமியால் வருவது என்று சொன்னார். அதே ஆண்டு மே 10ம் நாள், உலகின் மறுகோடியில், அருள்பணியாளர் தமியான் மொலோக்காயில் தரையிறங்கினார். ஒருவரையொருவர் அறியாத இருவர். ஒருவர் நோயின் காரணத்தைக் கண்டார், மற்றவர் நோயாளரின் முகத்தைக் கண்டார். இவை இரண்டும் ஒன்றுசேர ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு ஆயிற்று.

ஹான்சனையே எடுத்துக்கொள்வோம். கிருமியால்தான் நோய் பரவுகிறது என்பதை எப்படியாவது மெய்ப்பிக்க விரும்பிய அவர், 1879ம் ஆண்டு, மருத்துவமனையில் இருந்த ஒரு பெண்ணின் கண்ணில் அவரது ஒப்புதலின்றி நோய்க் கிருமியைச் செலுத்த முயன்றார். அப்பெண் முறையிட்டார். 1880ம் ஆண்டு நீதிமன்றம் ஹான்சனை அம்மருத்துவமனைப் பொறுப்பிலிருந்து நீக்கியது. உலகம் போற்றும் ஓர் அறிவியலாளருக்கு எதிராக ஓர் ஏழை நோயாளரின் சொல் எடுபட்டது, அந்தக் காலத்தில் அது சிறிய காரியமல்ல.

நோய் தொற்றக்கூடியது என்று தெரிந்ததும் உலகம் என்ன செய்தது? 1897ம் ஆண்டு பெர்லின் நகரில் முதல் அனைத்துலகத் தொழுநோய் மாநாடு கூடியது. நோயாளரைப் பிரித்துவைப்பதே தக்க வழி என்று வல்லுநர்கள் பரிந்துரைத்தனர். மறுஆண்டே, 1898ல், ஆங்கிலேய இந்தியாவில் தொழுநோயாளர் சட்டம் வந்தது. அச்சட்டம் முற்றிலும் நீக்கப்பட்டது 2016ம் ஆண்டில்தான். தொழுநோயைக் காரணம் காட்டி மணமுறிவு கோரலாம் என்றிருந்த சட்டப் பிரிவுகள் 2019ம் ஆண்டில்தான் நீங்கின. வல்லுநர்கள் ஓர் அவையில் சொல்லும் சொல் எத்தனை தலைமுறை வாழ்கிறது என்பதை இதில் காண்கிறோம்.

இதைவிடக் கடுமையாக நடந்தது ஜப்பானில். மருத்துவர் கென்சுகே மித்சுதா தொழுநோய் ஆய்வில் உலகப் புகழ்பெற்றவர். உடலின் எதிர்ப்பாற்றலை அறிய உதவும் ஒரு சோதனை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அவர்தான் நோயாளர் அனைவரையும் வாழ்நாள் முழுதும் அடைத்துவைக்க வேண்டும் என்று அரசை வற்புறுத்தியவர். கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவர் நொபொரு ஒகசவாரா இதை மறுத்தார். இது எளிதில் தொற்றுவதல்ல, வீட்டிலிருந்தே சிகிச்சை பெறலாம் என்றார் அவர். புத்த ஆலயக் குடும்பத்தில் பிறந்த இவரை 1941ம் ஆண்டு தொழுநோய் மருத்துவர் மாநாட்டில் சக வல்லுநர்களே கடுமையாகத் தாக்கிப் பேசினர். ஒகசவாரா சொன்னதே உண்மை. ஆயினும் ஜப்பானின் தனிமைப்படுத்தும் சட்டம் நீங்கியது 1996ம் ஆண்டில்தான். அறிவு மட்டும் போதாது போலும்! நோயாளரின் வீட்டையும் குடும்பத்தையும் அறிந்தவரே சரியாகச் சொன்னார்.

முதல் பயனுள்ள மருந்து கிடைத்த இடம் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள கார்வில். அங்கிருந்த நோயாளரை 1896ம் ஆண்டு முதல் பிறரன்புப் புதல்வியர் சபை அருள்சகோதரிகள் கவனித்து வந்தனர். 1941ம் ஆண்டு, மருத்துவர் கை ஃபாஜே, தாங்களாக முன்வந்த நோயாளர்களுக்கு புரோமின் என்ற சல்ஃபோன் வகை மருந்தை ஊசி வழியாகச் செலுத்தினார். ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்கள் ஆறத் தொடங்கின. அம்மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் பல்லாண்டுகள் பணியாற்றி, உலக மருத்துவ இதழ்களில் ஆய்வுக் கட்டுரைகள் எழுதியவர் அருள்சகோதரி ஹிலரி ராஸ். துறவு உடையில் ஒரு வேதியியல் அறிஞர். அருள்சகோதரிகள் என்றால் புண்ணைக் கழுவுபவர்கள் என்று மட்டும் நினைப்பவர்கள் இப்பெயரைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

கார்வில் மருந்து விலை மிகுந்தது, ஏழை நாடுகளுக்கு எட்டாதது. இங்கேதான் நம் செங்கற்பட்டு வருகிறது. அங்கிருந்த தொழுநோய் மருத்துவமனையில் மருத்துவர் ராபர்ட் காக்ரேன், 1940களின் பிற்பகுதியில், அதே சல்ஃபோன் குடும்பத்தைச் சேர்ந்த டாப்சோன் என்ற எளிய மருந்தை நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தார். அதை வாய்வழியே மாத்திரையாகக் கொடுக்கலாம் என்று நைஜீரியாவில் மருத்துவர் ஜான் லோவ் காட்டினார். சில காசு விலையில் உலகின் கோடானுகோடி ஏழைகளுக்கு மருந்து கிடைத்தது.

காக்ரேன் செய்த இன்னொரு நற்செயல், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் எலும்பு அறுவை மருத்துவராக இருந்த பால் பிராண்டை 1947ம் ஆண்டு செங்கற்பட்டுக்கு அழைத்துச் சென்றது. பிராண்ட், கொல்லிமலையில் மறைப்பணியாளர் குடும்பத்தில் 1914ம் ஆண்டு பிறந்தவர். மடங்கிய விரல்களோடு இருந்த ஒரு நோயாளரின் கையை அவர் பற்றினார். அந்தக் கை அவர் கையை வலிக்க வலிக்க இறுக்கியது! செத்துப்போன கை என்று எல்லாரும் நினைத்த கையில் இவ்வளவு வலு இருக்கிறதே, அப்படியானால் எல்லாத் தசைகளும் செயலிழக்கவில்லையே என்று அவர் எண்ணினார். நல்ல நிலையில் இருக்கும் தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலில் பொருத்தும் அறுவைச் சிகிச்சை அங்கிருந்து பிறந்தது. வேலூரிலும், பின்னர் 1955ம் ஆண்டு தொடங்கப்பட்ட கரிகிரி மருத்துவமனையிலும் அதைக் கற்றவர்கள் உலகெங்கும் கொண்டுசென்றனர். கண்ணைப் பாதுகாக்கும் வழிகளை அவர் துணைவியார் மார்கரெட் வகுத்தார்.

பிராண்ட் கண்ட பேருண்மை வேறொன்று. நோயினால் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்று உலகமே நம்பியது. அவர் நோயாளரோடு அமர்ந்து ஒவ்வொரு புண்ணும் எப்படி வந்தது என்று விசாரித்தார். சூடான பாத்திரம், செருப்பின் ஆணி, துருப்பிடித்த பூட்டு. நோய் விரலைத் தின்னவில்லை. நரம்பு பழுதுபட்டதால் வலி தெரியவில்லை, வலி தெரியாததால் காயம் தெரியவில்லை. சிலருக்கு இரவில் விரல் நுனி காணாமற்போனது பெரும் புதிராக இருந்தது. விழித்திருந்து கவனித்தபோது, தூங்குபவரின் விரலை எலி கடிப்பது தெரிந்தது. அதன்பின், வீடு திரும்பும் நோயாளருக்குப் பூனை ஒன்றும் கொடுத்தனுப்பப்பட்டது. கரிகிரியிலிருந்து உலகுக்குப் போன அறிவுரைகளுள் இந்தப் பூனைக்கும் இடமுண்டு. பிராண்ட் நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்ல. ஆனால் வலியை இறைவனின் கொடை என்று அவர் எழுதியும் பேசியும் வந்தது, எந்த இறையியல் வகுப்பிலும் வைத்து விவாதிக்கத் தகுந்தது.

செங்கற்பட்டு மாவட்டத்தின் போலாம்பாக்கத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. காங்கோவில் பணியாற்றிய பெல்ஜிய நாட்டு மருத்துவர் ஃபிரான்ஸ் ஹெமெரிக்ஸ் 1955ம் ஆண்டு அங்கு வந்தார். நோயாளரை விடுதியில் அடைக்க அவர் விரும்பவில்லை. குறித்த நாளில், குறித்த மரத்தடியில் மருத்துவக் குழு வந்து நிற்கும், நோயாளர் வந்து மருந்து வாங்கிக்கொண்டு தம் வயலுக்குத் திரும்புவார். அவரோடு உழைத்த மருத்துவர் கிளேர் வெல்லுட் அம்மையார், பின்னர் இந்தியக் குடியுரிமை பெற்று இம்மண்ணிலேயே வாழ்ந்தார். பெர்லின் மாநாட்டின் மதில்களை இந்த மரத்தடிகள் இடித்தன என்றால் அது மிகையாகாது.

அறிவுலகமும் மெல்ல மனம் மாறியது. 1956ம் ஆண்டு உரோமையில் மால்டா வீரர் சபை கூட்டிய அனைத்துலக மாநாடு, நோயாளருக்கு எதிரான தனிச்சட்டங்கள் நீங்கவேண்டும், மற்ற நோயாளரைப் போலவே இவர்களும் நடத்தப்படவேண்டும் என்று கேட்டது. இம்மாநாட்டினரைத் திருத்தந்தை 12ம் பயஸ் சந்தித்து உரையாற்றினார்.

ஆயினும் கிருமி சும்மா இருக்கவில்லை. டாப்சோன் ஒன்றையே ஆண்டுக்கணக்கில் கொடுத்து வந்ததால் அதற்கு அடங்காத கிருமிகள் தோன்றின. இது 1964ம் ஆண்டு மலேசியாவில் மெய்ப்பிக்கப்பட்டது. அதை மெய்ப்பிக்க உதவியதே ஒரு தனிக் கதை. தொழுநோய்க் கிருமியை இன்றுவரை எவரும் ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்ததில்லை. அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஷெப்பர்டு 1960ம் ஆண்டில் அதைச் சுண்டெலியின் பாதத்தில் வளர்த்துக் காட்டினார். உடலின் குளிர்ந்த பகுதியைத்தான் இக்கிருமி விரும்பும். பின்னர் உடல் வெப்பம் குறைந்த அர்மடில்லோ என்னும் விலங்கும் இவ்வாய்வில் உதவியது.

ஒரு மருந்து போதாது, மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வுக் குழு 1981ம் ஆண்டு பரிந்துரைத்தது. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபசிமின். இதுவே கூட்டு மருந்து சிகிச்சை. நோயின் அளவைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ உட்கொண்டால் நோய் தீரும். சிகிச்சை தொடங்கிய சில நாள்களிலேயே பிறருக்குத் தொற்றும் ஆற்றல் போய்விடும். இத்திட்டத்தை உலக நலவாழ்வு நிறுவனத்தில் தலைமையேற்று நடத்தியவர், செங்கற்பட்டின் மத்திய அரசு ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய மருத்துவர் எஸ்.கே.நூர்தீன். 1995ம் ஆண்டு முதல் இம்மருந்து உலகெங்கும் இலவசமாக வழங்கப்படுகிறது. இதுவரை ஒரு கோடியே 60 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் நலம் பெற்றுள்ளனர்.

நாடு முழுவதற்குமான திட்டத்தை ஓர் அருள்சகோதரி நடத்திக்காட்டியதும் இக்காலத்தில்தான். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1929ம் ஆண்டு பிறந்த ரூத் ஃபாவ், மருத்துவம் படித்து, மரியாவின் இதயப் புதல்வியர் சபையில் சேர்ந்தவர். இந்தியாவுக்கு வரும் வழியில், 1960ம் ஆண்டு, கராச்சியில் தங்க நேர்ந்தது. அங்கே தொழுநோயாளர் குடியிருப்பைக் கண்டவர் அங்கேயே நின்றுவிட்டார். இந்நோய்க்கான பயிற்சி பெற அவர் வந்த இடம் நமது வேலூர்! பாகிஸ்தானின் மலைப்பகுதிகள் வரை சிகிச்சை மையங்களை ஏற்படுத்தினார். 1979ம் ஆண்டு அந்நாட்டு அரசு அவரைத் தொழுநோய்க்கான ஆலோசகராக அமர்த்தியது. 1996ம் ஆண்டு, ஆசியாவில் இந்நோயைக் கட்டுப்படுத்திய முதல் நாடுகளுள் ஒன்று என்ற பெயரைப் பாகிஸ்தான் பெற்றது. 2017ம் ஆண்டு அவர் இறந்தபோது, இசுலாமிய நாடான பாகிஸ்தான், கராச்சி புனித பேட்ரிக் பேராலயத்தில் அரசு மரியாதையுடன் அவரை வழியனுப்பியது.

இனி, கவலைக்குரிய பகுதிக்கு வருவோம். 1991ம் ஆண்டு உலக நலவாழ்வுப் பேரவை, 2000ம் ஆண்டிற்குள் தொழுநோயை ஒழிப்பது என்று தீர்மானித்தது. ஒழிப்பு என்றால் என்ன? மக்களின் நலவாழ்வைப் பாதிக்கும் பெரும் பிரச்சனை என்ற நிலை மாறுவது. அதாவது பத்தாயிரம் பேரில் சிகிச்சை பெறுவோர் ஒருவருக்கும் குறைவு என்ற நிலை. வல்லுநர்களின் மொழியில் இதற்கும், நோய் அடியோடு மறைவதற்கும் வெவ்வேறு சொற்கள் உண்டு. நம் தமிழில் இரண்டுக்கும் ஒழிப்பு என்ற ஒரே சொல்தான். பெரியம்மை ஒழிந்தது என்கிறோம், தொழுநோய் ஒழிந்தது என்கிறோம். கேட்பவருக்கு இரண்டும் ஒன்றே.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். இக்கணக்கில் சேர்வது சிகிச்சைப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்கள் மட்டுமே. இரண்டு ஆண்டு சிகிச்சையை ஓராண்டாகக் குறைத்தால், புதிதாக நோய் வருவோர் ஒருவர்கூடக் குறையாமலேயே பதிவேட்டில் எண்ணிக்கை பாதியாகும். 1990களின் இறுதியில் சிகிச்சைக் காலம் அவ்வாறே குறைக்கப்பட்டது. மருத்துவ முறையில் அது சரியான முடிவுதான், ஆனால் எண்ணிக்கை தந்த மகிழ்ச்சியில் ஒரு பகுதி அதனால் வந்தது. இந்தியா இந்த இலக்கை 2005ம் ஆண்டு டிசம்பரில் எட்டியது. இதையொட்டிய ஆண்டுகளில் தொழுநோய்க்கென்று தனியாக இருந்த பணியாளர் அமைப்பு பொது மருத்துவத் துறையோடு இணைந்தது. வீடு வீடாகச் சென்று தோலைப் பார்த்து, இறகால் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று சோதித்த மனிதர்கள் ஓய்வுபெற்றார்கள். தேடுவது குறைந்தது.

தேடாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கொரோனா காலம் காட்டியது. 2019ம் ஆண்டு உலகில் புதிதாகக் கண்டறியப்பட்டோர் 2 இலட்சத்து 2 ஆயிரத்திற்கும் மேல். 2020ம் ஆண்டில் அது ஒரு இலட்சத்து 27 ஆயிரமாகக் குறைந்தது. ஒரே ஆண்டில் நோயா குறைந்தது? கிருமி நுழைந்து நோய் தெரியச் சராசரியாக ஐந்து ஆண்டுகள், சில வேளைகளில் 20 ஆண்டுகள்கூட ஆகும். குறைந்தது பார்க்கும் கண்கள். 2023ம் ஆண்டு எண்ணிக்கை மீண்டும் ஒரு இலட்சத்து 82 ஆயிரத்தைத் தாண்டியது. அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர். பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் சிறுவர், சிறுமியர். ஏறத்தாழ அதே எண்ணிக்கையினர், நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே கண்ணுக்குத் தெரியும் உடற்குறையோடு இருந்தனர். முன்பே ஒருவர் பார்த்திருந்தால் அந்தக் கைகள் மடங்கியிருக்கமாட்டா.

ஏன் முன்பே வரவில்லை? வெட்கமும் அச்சமும்தான் பெரும்பகுதி. இங்கே மேடையில் நிற்கும் நமக்கும் பொறுப்பு உண்டு. லேவியர் நூலின் 13, 14ம் அதிகாரங்களில் வரும் எபிரேயச் சொல் ‘சாராஅத்’. அது மனிதத் தோலில் மட்டுமல்ல, துணியிலும் வீட்டுச் சுவரிலும் வருவதாக அங்கே காண்கிறோம். ஹான்சன் கண்ட கிருமி சுவரில் வராது. கிரேக்கத்தில் லெப்ரா என்றும், பிற மொழிகளில் தொழுநோய் என்றும் பெயர்க்கப்பட்டு, விவிலியத்தின் தீட்டு முழுவதும் இந்த ஒரு நோயாளர் தலையில் விழுந்தது. பாவத்தைத் தொழுநோய் என்றும், ஊழலைச் சமுதாயத்தின் தொழுநோய் என்றும் உவமிக்கும் வழக்கம் மறையுரைகளிலும் அரசியல் மேடைகளிலும் இன்னும் இருக்கிறது. நோயாளரை இழிவாகச் சுட்டும் பழைய சொல்லைக் கைவிடுமாறு 1948ம் ஆண்டு ஹவானாவில் கூடிய வல்லுநர் மாநாடு கேட்டுக்கொண்டது. 2016ம் ஆண்டு ஜூன் மாதம் வத்திக்கானில் நடந்த கருத்தரங்கு, இந்நோயை உவமையாகப் பயன்படுத்துவதையே தவிர்க்கக் கேட்டது. மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் இயேசு அம்மனிதரைத் தொட்டபின்தான் நலமளிக்கிறார் என்ற வரிசையை மறையுரையில் விளக்கினாலே போதுமே. கோவில் முதல் வரிசையில், யாருக்கும் சொல்லாமல் மாத்திரை விழுங்கும் ஒருவர் அமர்ந்திருக்கக்கூடும்.

நோயாளரே வல்லுநராக அமர்வது அண்மைக் காலத்தின் நல்ல மாற்றம். இந்நோயால் பாதிக்கப்பட்டவர்களே நடத்தும் ஐடியா என்ற அனைத்துலக அமைப்பு 1994ம் ஆண்டு பிரேசிலில் தோன்றியது. அதை உருவாக்கியவர்களுள் ஒருவர் ஈரோட்டைச் சேர்ந்த முனைவர் பி.கே.கோபால். தாமே இந்நோயிலிருந்து குணமடைந்து, கும்பகோணம் திருஇருதய மருத்துவமனையில் மறுவாழ்வுப் பணி செய்தவர். 2012ம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார். ஐக்கிய நாடுகள் அவையின் அரங்குகளில் அவர் பேசியபோது, முதன்முறையாக அந்தக் கைகளே அந்தக் கைகளைப் பற்றிப் பேசின.

வெளிறிய அல்லது சிவந்த, உணர்ச்சியற்ற தேமல், கை கால் மரத்துப்போதல், கண்ணை மூட முடியாமை, காது மடலில் தடிப்பு ஆகியவை இந்நோயின் அடையாளங்கள். எந்த அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சோதனையும் மருந்தும் இலவசம். மறைக்கல்வி வகுப்பு ஆசிரியரும், அன்பியப் பொறுப்பாளரும் இவற்றை அறிந்திருப்பது கடினமல்ல.

இப்போது வல்லுநர்கள் கையில் புதிய கருவி ஒன்றும் உள்ளது. நோயாளரோடு பழகியவர்களுக்கு ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுத்தால், அடுத்த இரண்டு ஆண்டுகளில் அவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு பாதிக்கும் மேல் குறைவதை வங்கதேசத்தில் நடந்த பெரும் ஆய்வு காட்டியது. 2018ம் ஆண்டு உலக நலவாழ்வு நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது, இந்தியத் திட்டத்திலும் இது சேர்ந்துள்ளது. ஆனால் இம்மாத்திரையைப் பக்கத்து வீட்டாருக்கும் உறவினருக்கும் கொடுக்கவேண்டுமானால், யாரால் கொடுக்கிறார்கள் என்ற கேள்வி எழும். நோயுற்றவர் முதலில் தம் பெயர் வெளியே தெரிய ஒப்புக்கொள்ள வேண்டும். சுகாதாரப் பணியாளர்கள் வீட்டு வாசலில் தடுமாறி நிற்பது அங்கேதான்.